காதுக்குத் தெரியாமல்

ஹார்ம்கே வெல்ட்ஸ்ட்ராவின் விமானம்
ஒரு கொட்டகைக்குள் நின்றது.
இறக்கை இல்லை, வால் இல்லை,
ஆறு இரும்புக் கால்களின் மேல் ஒரு பெட்டி.
அந்தக் கால்களுக்கு எண்ணெய் பார்ப்பவன் நான்.

கடலை இறைத்து எடுத்த நிலம் அது.
ஓடுபாதையில் சும்மா நிற்கும்போதே
உயரமானி மைனஸ் மூன்று மீட்டர் காட்டும்.
புது விமானிகள் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள்.
'பழுதில்லை' என்பாள், 'நாம் இருப்பதே அங்கேதான்.'

க்ரோனிங்கனில் படித்த காலத்தில்
மீனின் காதுக்குள் நீர் எப்படி ஓடுகிறதென்று
இரண்டு வருடம் அளந்தவள்.
'நமக்கும் அதே மூன்று வளையம், அதே சொட்டு நீர்.
மெதுவாகச் சொல்லும் பொய்யை அது கவனிக்காது.'
கேன்டீனில், பட்டாணி சூப்புக் கிண்ணத்தைச்
சாய்த்துச் சாய்த்துக் காட்டினாள்.
கொஞ்சம் என் சட்டைக் கையில் சிந்தியது.

நாற்பது டன் விமானத்தின் பாய்ச்சலை
ஒன்றரை மீட்டருக்குள் அடக்க வேண்டும்.
முதலில் ஒரு சின்னத் தள்ளல்.
பிறகு பெட்டியின் மூக்கு நிமிரும்,
நொடிக்கு மூன்று பாகைக்கும் குறைவாக.
பூமியின் இழுப்பு முதுகில் வந்து சாயும்.
முதுகு அதை வேகம் என்று நம்பிவிடும்.
அப்புறம் பெட்டி சுழியத்துக்குத் திரும்ப வேண்டும்,
உள்ளே இருப்பவனுக்குத் தெரியாமல்.
புறப்படுவதை யாரும் கணக்குப் போடலாம்;
அவள் பதினேழு வருடம் போட்டது
திரும்புவதை.

ஜன்னலில் தெரியும் ஊர் சுவரில் ஒட்டிய பொம்மை ஊர்.
கேமரா அதன்மேல் ஊர்ந்து போகும்.
ஒருநாள் ஓடுபாதை நடுவில்
தேவாலயம் அளவுக்கு ஒரு சிலந்தி.
விமானி ஒன்றும் பேசாமல் மறுபடி மேலே ஏறினார்.
'சரியான முடிவு' என்று பதிவேட்டில் எழுதினாள்.
சிலந்தியை நான்தான் காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டேன்.

எழுபத்தொன்பது நவம்பர்.
ரைன்டர் புல்ஸ்ட்ரா, சரக்கு விமானம், இரவு, பனி.
வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போகும் முன்
விமானம் நடுங்கும்.
நடுங்கியிருக்கும்.
அவர் அதை என்னவென்று நினைத்தாரோ,
பீட்ரூட் வயலில் விழுந்தார்.

எங்கள் பெட்டியில் பழகியவர்.
எங்கள் பெட்டி அவ்வளவு நடுங்கியதில்லை.
நடுங்கினால் சீல் கிழிந்து எண்ணெய் கசிகிறது என்று
மூன்று முறை எழுதிக் கொடுத்தவன் நான்.
நடுக்கத்தைப் பாதியாக்கியவள் அவள்.

விசாரணை அறிக்கையில் பனி இருந்தது, எடை இருந்தது.
நாங்கள் இல்லை.
அவள் அதை இரண்டாவது முறை படிக்கவில்லை.
மூன்று வாரம், தினமும் மாலையில்,
பெட்டிக்குள் தனியாக ஏறி
விழுந்து விழுந்து பார்த்தாள்.
பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றினாள்:
அரை என்றிருந்ததை ஒன்று என்று.
'வீபே, சீல் கிழியட்டும்.'
அதன்பின் பதினோரு வருடம், மாதா மாதம்,
சீல் மாற்றினேன். எழுதிக் கொடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவள் இடது காது கெட்டது.
ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது
சமையலறைத் தரையில் கிடந்தாள்,
இரண்டு கையாலும் ஓடுகளைப் பிடித்தபடி.
'இடப்பக்கம், நொடிக்கு நாற்பது பாகை' என்றாள்.
'ஒரு கால்கூட அசையவில்லை, பார்.'
டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றேன்.
'வேண்டாம். தானாகத் திரும்பும்.
எப்போது என்றுதான் தெரியாது.'

பக்கத்தில் உட்கார்ந்தேன். குளிர்ந்த தரை.
ஜன்னலுக்கு வெளியே, கரைக்கு அப்பால்,
கால்வாயில் ஒரு படகு
எங்கள் தலைக்கு மேலே போயிற்று.